ஒரே கோடா, தனிக் கோடா: பள்ளி விளையாட்டு விழாவில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான விதிகள்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என்னிடம், அப்பள்ளியின் விளையாட்டு விழாக் குழு இந்த ஆண்டு ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது. மாற்றுத்திறன் மாணவர்கள் எந்த விதிகளின்கீழ்ப் போட்டியிட வேண்டும், அவ்விதிகளை நடுவர்கள் எவ்வாறு நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதை விழாவுக்கு முன்பே எழுத்தில் வகுத்துத் தர வேண்டும். குழுவில் வெவ்வேறு உறுப்பினர்கள் முன்வைத்த யோசனைகள் ஐந்து. அவற்றை ஒப்பிட்டு நான் எழுதிய குறிப்பின் விரிவான வடிவமே இது. இதே கேள்வியை எதிர்கொள்ளும் பிற பள்ளிகளுக்கும் பயன்படலாம் என்பதால் பொதுவில் வைக்கிறேன்.

நாங்கள் விதி வகுப்பது நான்கு பிள்ளைகளுக்காக. ஒன்பதாம் வகுப்பில் செவித்திறன் இல்லாத ஒரு மாணவி 100 மீட்டர் ஓடுகிறாள். பதினொன்றாம் வகுப்பில் பார்வைத்திறன் மிகக் குறைந்த ஒரு மாணவன் 200 மீட்டரிலும் 1,500 மீட்டரிலும் ஓட விரும்புகிறான். எட்டாம் வகுப்பில் முழங்கைக்குக் கீழ் இடக்கை இல்லாத ஒரு மாணவன் 100 மீட்டருக்கும் நீளம் தாண்டுதலுக்கும் பெயர் கொடுத்திருக்கிறான். மூளை முடக்குவாதத்தால் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒரு மாணவி குண்டு எறிய ஆசைப்படுகிறாள். நால்வரின் தேவையும் நான்கு வகை. 'மாற்றுத்திறன் மாணவர்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவர்களை அடக்கி ஒரே தீர்வைத் தேடியதுதான் இதுவரை எங்கள் பிழையாக இருந்திருக்கிறது.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லாமல் ஒப்பீட்டைத் தொடங்குவது நேர்மையாகாது. பார்வைத்திறன் குறைந்த அந்த மாணவன் 200 மீட்டர் ஓட்டத்தின் வளைவில் உட்கோட்டை மூன்று நான்கு முறை மிதித்து அடுத்த தடத்துக்குள் ஓடினான். எங்கள் மைதானம் சரல் மண்; முந்தைய இரவின் மழையில் சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்திருந்தது. வளைவில் கொடியுடன் நின்ற நடுவர் நான். விதிப்படி கொடியை உயர்த்தியிருக்க வேண்டும். 'பாவம், பிள்ளை' என்று எண்ணி உயர்த்தாமல் விட்டேன். அவன் இரண்டாவதாக வந்தான். மூன்றாவதாக வந்த மாணவனின் அணியினர் முறையிட்டபோது, 'அதையெல்லாம் பெரிதுபடுத்தாதீர்கள்' என்று அவர்களை அனுப்பிவிட்டோம். தனக்குக் கிடைத்தது இரக்கத்தின் சான்றிதழ் என்பதை அடுத்த வாரம் வகுப்பில் தெரிந்துகொண்ட அவன், அதன்பின் பல மாதங்கள் மைதானத்துக்கு வரவில்லை. மூன்றாவதாக வந்தவனுக்கும் நாங்கள் அநீதி இழைத்தோம்; இரண்டாவதாக வந்தவனுக்கும் இழைத்தோம்.

போட்டியிலிருந்து இவர்களை விலக்கி வைப்பது இந்த ஐந்து யோசனைகளில் இல்லை, இருக்கவும் முடியாது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 16ஆம் பிரிவில் கல்வியோடு விளையாட்டு வாய்ப்பையும் மற்றவர்களுக்குச் சமமாக வழங்க வேண்டும் என்று பள்ளிகளுக்குக் கடமை விதிக்கிறது. 30ஆம் பிரிவு விளையாட்டைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறது. அளவுமீறிய சுமையை ஏற்படுத்தாத, தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து கொடுப்பதை அச்சட்டம் உரிமையின் பகுதியாகவே வரையறுத்துள்ளது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பும் பள்ளிக்கூட விளையாட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே எப்படிச் சேர்ப்பது என்பது ஒன்றே நாங்கள் முடிவு செய்ய வேண்டியது.

முதல் யோசனை, அனைவருக்கும் ஒரே விதி, எவருக்கும் எந்த மாற்றமும் இல்லை என்பது. கேட்பதற்கு இதைவிட நியாயமான ஒன்று இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் 100 மீட்டரின் தொடக்கக் கோட்டில் நின்று பார்த்தால் இதன் பொருள் வேறு. வெடிச்சத்தம் கேட்காத மாணவி, பக்கத்துத் தடத்தில் இருப்பவள் அசைவதைக் கண்ட பிறகே கிளம்புகிறாள். இதில் 0.2 நொடி பிந்துவதாகக் கொண்டாலும், நொடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் முடிக்கும் ஒருத்திக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இழப்பு. வெடிச்சத்தத்துக்குப் பின் 0.1 நொடிக்குள் அசைந்தாலே தவறான தொடக்கம் என்று உலகத் தடகள அமைப்பு கருதுகிறது என்பதை நினைத்தால், 0.2 நொடி இந்தப் போட்டியில் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். சத்தத்தைக் கேட்கும் திறனை அளக்க எவரும் 100 மீட்டர் ஓட்டம் வைப்பதில்லை. கால்களின் வேகத்தை அளக்கவே வைக்கிறோம். மாற்றமில்லா விதி அளக்க வந்ததை விட்டுவிட்டு வேறொன்றை அளக்கிறது.

இந்த யோசனைக்கு இன்னொரு குறையும் உண்டு. எழுத்தில் 'ஒரே விதி' என்று இருக்கும் பள்ளிகளில், களத்தில் அது ஒருபோதும் ஒரே விதியாக நடப்பதில்லை. விதி இளகாதபோது நடுவரின் மனம் இளகுகிறது. கொடி உயராது, ஃபவுல் எழுதப்படாது, ஒரு முயற்சி கூடுதலாகத் தரப்படும். அந்தச் சலுகை யாருக்கு, எவ்வளவு என்பது அன்றைய நடுவரின் மனநிலையைப் பொறுத்தது. சென்ற ஆண்டு நான் செய்ததும் அதுவே.

இரண்டாவது யோசனை, ஒரே போட்டியில் அனைவரும் ஓடுவது. ஆனால் தேவைப்படும் இடத்தில் விதியை முன்கூட்டியே இசைவாக மாற்றிக்கொள்வது. இதில் எந்த விதியை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதே சிக்கல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் கால் நோயுள்ள கோல்ஃப் வீரர் கேசி மார்ட்டின் வழக்கில் இதற்கு ஓர் அளவுகோல் தந்தது. குழிகளுக்கிடையே நடந்தே செல்ல வேண்டும் என்ற விதி கோல்ஃப் ஆட்டத்தின் உயிர்நாடி அன்று, எனவே அவர் வண்டியில் செல்வது ஆட்டத்தின் அடிப்படையை மாற்றிவிடாது என்று அது தீர்ப்பளித்தது. 2013 ஜனவரியில் அந்நாட்டுக் கல்வித் துறை பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுக் கடிதம் இதே அளவுகோலைப் பள்ளி விளையாட்டுக்குக் கொண்டுவந்தது. செவித்திறன் இல்லாத ஓட்ட வீரருக்குத் தொடக்கத்தில் ஒளிச் சைகை தருவது ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கை மட்டும் உள்ள நீச்சல் வீரருக்கு, இரு கைகளாலும் சுவரைத் தொட வேண்டும் என்ற விதியைத் தளர்த்துவது மற்றொன்று. அத்தளர்வு அவருக்கு முறையற்ற சாதகம் ஆகுமா என்பதை மட்டும் ஆராயச் சொன்னது.

அந்த நீச்சல் வீரரின் நிலையில்தான் எங்கள் எட்டாம் வகுப்பு மாணவனும் இருக்கிறான். குனிந்த தொடக்கத்தில் 'ஆன் யுவர் மார்க்' நிலையில் இரு கைகளும் தரையில் பட வேண்டும் என்பது விதி. இடக்கை தரையை எட்டாத அவனுக்கு, சிறு மரக்கட்டையின்மீது அக்கையை ஊன்றவோ ஒரு கையால் மட்டும் ஊன்றவோ அனுமதி தந்தால் போதும். அவன் எவரையும் முந்திக்கொண்டு கிளம்பப் போவதில்லை. நீளம் தாண்டுதலில் அவனுக்கு எந்த மாற்றமும் தேவையில்லை, தரவும் கூடாது. பலகையைத் தாண்டி மிதித்தால் எல்லோருக்கும் போல அவனுக்கும் ஃபவுல்.

செவித்திறன் இல்லாத மாணவிக்கான ஏற்பாடும் எளிது. தொடக்க நடுவர் ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் நிற்காமல், அவள் தலையை அதிகம் திருப்பாமல் பார்க்கக்கூடிய வகையில் முன்பக்கமாக ஓரத்தில் நின்று, வெடிச்சத்தத்தோடு ஒரே கணத்தில் சிவப்புக் கொடியைத் தாழ்த்த வேண்டும். காதுகேளாதோருக்கான ஒலிம்பிக்கில் நிறவிளக்குகளே இதற்குப் பயன்படுகின்றன. கொடி அவளுக்கு மட்டும் சாதகம் தருமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். தராது, ஒலிக்கு மனித உடல் எதிர்வினை காட்டும் வேகத்தைவிட ஒளிக்குக் காட்டும் வேகம் சற்றே குறைவு. மேலும் கொடி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. கொடிக்கு முன் அவள் அசைந்தால் தவறான தொடக்கம்தான். அதை அறிவிக்கும்போது விசிலோடு நில்லாமல் அவள் முன் சென்று சைகையால் காட்ட வேண்டும்.

பார்வைத்திறன் குறைந்த மாணவனின் நிலையே மிகுந்த கவனத்தைக் கேட்கிறது. வழிகாட்டி ஓட்டக்காரர் ஒருவர் சிறு கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உடன் ஓடுவது பாராலிம்பிக்கில் வழக்கம். வழிகாட்டி வீரரை இழுக்கக் கூடாது. முடிவுக்கோட்டை வீரருக்கு முன் கடக்கக் கூடாது. இருவருக்கும் சேர்த்து இரண்டு தடங்கள். இவ்விதிகள் எவ்வளவு கண்டிப்பானவை என்பதை 2024 பாரிஸ் பாராலிம்பிக் மராத்தானில் உலகம் கண்டது. மூன்றாவது இடத்தில் வந்துகொண்டிருந்த ஸ்பெயினின் எலெனா கொங்கோஸ்த், முடிவுக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் தள்ளாடிய தம் வழிகாட்டியைத் தாங்கிப் பிடிக்கக் கயிற்றை ஒரு கணம் விட்டார். அன்று தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர் மூன்று நிமிடத்துக்கும் மேல் பிந்தியிருந்தார். அந்த முடிவு எனக்கு இன்றும் உறுத்துகிறது. கயிற்றை விட்டதால் அவர் எந்தச் சாதகமும் பெறவில்லை. ஆகவே எங்கள் விதியில், கயிறு நழுவினால் இருவரும் நின்று மீண்டும் பிடித்துக்கொண்டு தொடரலாம் என்றும், இழுப்பதும் முந்துவதும் மட்டுமே தகுதி நீக்கத்துக்கு உரியவை என்றும் எழுதியிருக்கிறேன். விதியைத் தளர்த்த வேண்டிய இடம் விதி எழுதும் மேசை, மைதானம் அன்று.

வழிகாட்டியால் எழும் மற்றொரு கேள்வி, வேகம் கொடுத்து ஓடுவது. போட்டியில் இல்லாத ஒருவர் இன்னொருவருக்கு வேகம் பிடித்துக் கொடுக்கக் கூடாது என்பது தடகளத்தின் பழைய விதி. அமெரிக்காவின் மேரிலாந்தில் சக்கர நாற்காலி வீராங்கனை தத்யானா மெக்ஃபேடன், பாராலிம்பிக் பதக்கம் வென்று திரும்பிய பிறகும், பள்ளிப் போட்டியில் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் ஓடுபாதையில் இறங்க நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. 2006இல் அவருக்குச் சாதகமாக ஆணை கிடைத்தது. அதே ஆண்டு மாநிலப் போட்டியில், அவர் தம் பள்ளித் தோழிக்கு வேகம் கொடுத்தார் என்று கூறி அத்தோழியை நடுவர்கள் தகுதி நீக்கம் செய்தனர். சேர்த்துக்கொண்டார்கள், சேர்த்துக்கொண்டால் என்னென்ன சூழல் எழும் என்பதை முன்கூட்டி விதியாக எழுதவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் இரண்டு பள்ளி மாணவியர். எங்கள் 1,500 மீட்டரில் வழிகாட்டி, தன் இணையருக்கு மட்டுமே குரல் கொடுக்கலாம், அதே அணியின் வேறு ஓட்டக்காரருக்கு முன்னால் வழி அமைத்து ஓடக் கூடாது என்பதைத் தெளிவாக எழுதிவிட்டோம்.

இதனோடு சேர்ந்தது ஒலிபெருக்கி. நம் மாவட்டத்தில் விளையாட்டு விழா என்றால் காலை முதல் மாலைவரை ஒலிபெருக்கியில் பாட்டும் அறிவிப்பும் ஓயாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் தோவாளைப் பக்கத்துப் பள்ளிகளில் காற்றின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். வழிகாட்டியின் குரலையும் பக்கத்தில் ஓடுபவரின் காலடியையும் நம்பி ஓடும் ஒருவனுக்கு இது கண்ணைக் கட்டி விடுவதற்கு ஒப்பானது. அந்த ஓட்டம் முடியும்வரை ஒலிபெருக்கியை நிறுத்தி வைப்பதற்குச் செலவே இல்லை. கோடுகளை அன்று காலையில் புதிதாகவும் இருமடங்கு அகலமாகவும் போடுவதற்கு ஒரு மூட்டைச் சுண்ணாம்பு கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

மூன்றாவது யோசனை, மாற்றுத்திறன் மாணவர்களுக்குத் தனிப் பிரிவு. பாராலிம்பிக் இந்த வழியில்தான் நடக்கிறது. சேலம் மாவட்டத்தின் மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றது, காலில் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவில். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. உடற்குறையே போட்டியின் முடிவைத் தீர்மானித்துவிடும் இடங்களில் இதைவிட நியாயமான வழி இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்து எறியும் மாணவியை, நின்றும் சுழன்றும் எறிபவர்களோடு நிறுத்தி எந்த விதியைத் தளர்த்தினாலும் அது போட்டி ஆகாது. அவளுக்குத் தேவை, தரையோடு இறுகக் கட்டிய எறிநாற்காலி ஒன்றும், அவளைப் போல அமர்ந்து எறியும் எதிராளிகளும்.

எதிராளிகள் இல்லாததுதான் தனிப் பிரிவின் பெருங்குறை. எங்கள் பள்ளியில் அவள் ஒருத்தியே. தனியாக எறிந்து தனியாகத் தங்கம் வாங்குவதில் போட்டி எங்கே இருக்கிறது? மெக்ஃபேடனையும் முதலில் வெற்று ஓடுபாதையில் தனியாகத்தான் ஓடவிட்டார்கள். அதை எதிர்த்தே அவர் வழக்குத் தொடுத்தார். எனவே பள்ளி அளவில் தனிப் பிரிவு வைப்பதைவிட, தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பகுதிப் பள்ளிகள் கூடிக் குறுவட்ட அளவில் ஒரே நாளில் அமர்ந்து எறியும் போட்டியை நடத்துவதே பொருந்தும். அதுவரை எங்கள் விழாவில் அவள் எறிவது அளந்து பதிவு செய்யப்படும், அவளுடைய அளவாக அறிவிக்கப்படும்; பதக்கமாக மாற்றப்படாது. இதை அவளிடமும் பெற்றோரிடமும் முன்பே பேசி அவர்களின் சம்மதம் பெற்றிருக்கிறேன்.

தனிப் பிரிவின் இரண்டாவது சுமை, யார் அதற்குரியவர் என்று சோதிப்பது. 2000 சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு அக்குறைபாடே இல்லை என்பது பின்னர் வெளிவந்தது; அதன் விளைவாக அந்தப் பிரிவினர் அனைவரும் 2012 வரை பாராலிம்பிக்குக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். டோக்கியோவில் வட்டு எறிதலில் வெண்கலம் பெற்ற நம் வினோத் குமார், அந்த உடற்குறைப் பிரிவுக்கு உரியவர் அல்லர் என்று மறுசோதனையில் முடிவானதால் பதக்கத்தை இழந்தார். ஒரு பிரிவுக்கென்று பதக்கம் இருந்தால், அந்தப் பிரிவின் வாசலில் காவலும் இருந்தாக வேண்டும். பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளையின் உடலை அளந்து 'இவள் உரியவள், இவன் உரியவன் அல்லன்' என்று சொல்லும் தகுதி உடற்கல்வி ஆசிரியருக்கு இல்லை. இரண்டாவது யோசனையில் இந்தச் சுமை மிகக் குறைவு. கொடி அசைத்துத் தொடங்குவதால் பொய் சொல்லி எவரும் எதையும் பெற முடியாது. ஆகவே சான்றிதழ் கேட்கவும் தேவையில்லை. என் முடிவைப் பெரிதும் தீர்மானித்த வேறுபாடு இது.

நான்காவது யோசனை கணித ஆசிரியர் ஒருவர் தந்தது. ஒவ்வொருவரின் முந்தைய சிறந்த அளவோடு ஒப்பிட்டு, முன்னேற்ற விழுக்காட்டின்படி புள்ளி தரலாம் என்றார். அழகான எண்ணம். ஆனால் தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடிவிட்டு இறுதிச் சுற்றில் 'முன்னேறும்' வழியை இது திறந்துவிடுகிறது. இதைத் தடுக்கவே, அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான சிறப்பு ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்றைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் மேம்பட்டால் தகுதி நீக்கம் செய்ய இடம் தரும் விதி இருக்கிறது. வளரும் வயதுப் பிள்ளைக்கு ஓராண்டில் வரும் உண்மையான முன்னேற்றத்தைப் பொய்யான முன்னேற்றத்திலிருந்து பிரிப்பது கடினம். சூத்திரங்கள் பெரியவர்களையே தடுமாற வைத்திருக்கின்றன: 2012 லண்டன் பாராலிம்பிக்கில், இரு பிரிவினரைச் சேர்த்து நடத்திய மகளிர் வட்டு எறிதலில் புள்ளிக் கணக்கு தவறி, உக்ரைன் வீராங்கனைக்கு அணிவித்த தங்கம் சீன வீராங்கனைக்கு மாறியது. பயிற்சி நாட்குறிப்புக்கு அந்தக் கணக்கு நல்லது; மேடைக்கு வேண்டாம்.

ஐந்தாவது, புள்ளி இல்லாத காட்சி ஓட்டமும் அனைவருக்கும் ஆறுதல் பரிசும். எங்கள் பள்ளியில் பல ஆண்டுகள் இதுவே நடந்தது. கைதட்டல் பெரிதாக இருக்கும். பெயர்கள் பதிவேட்டில் இருக்காது. இதைத் தொடர நான் உடன்படவில்லை.

ஆகவே குழுவுக்கு நான் பரிந்துரைத்தது இது. ஓட்டத்திலும் தாண்டுதலிலும் உள்ள மூவருக்கும் இரண்டாவது யோசனை. எறியும் மாணவிக்குக் குறுவட்ட அளவில் மூன்றாவது. ஒவ்வொரு மாற்றமும் விழாவுக்குப் பத்து நாட்களுக்கு முன் எழுதப்பட்டு, நான்கு அணிகளின் தலைவர்களிடமும் கையொப்பம் பெறப்படும். அன்று களத்தில் எவரும் புதிதாக எதையும் சேர்க்கவோ விலக்கவோ முடியாது. மாற்றப்படாத விதிகள் அனைத்தும் அனைவருக்கும் ஒரே கண்டிப்போடு நடக்கும். முறையீடு முடிவு அறிவிக்கப்பட்ட முப்பது நிமிடத்துக்குள் எழுத்தில் தரப்பட வேண்டும். யாருக்கு எதிரானது என்பதால் அது தள்ளப்படாது. முதல் மூன்று இடங்களுக்கான 5, 3, 1 புள்ளிகள் வழக்கம்போல் அணிக்குச் சேரும். வழிகாட்டி ஓட்டக்காரருக்கு வீரருக்கு நிகரான சான்றிதழ் உண்டு. தன் ஓட்டத்தைத் துறந்து இன்னொருவனுக்காக ஓடும் பிள்ளையிடம் அதைவிடக் குறைவாக எதைக் கொடுப்பது?

200 மீட்டரில் வழிகாட்டி வேண்டாம், அகலக் கோடும் வெளித்தடமும் போதும் என்று மாணவனே சொன்னான். வெளித்தடத்தில் வளைவு அவ்வளவு கூர்மையாக இராது. வீட்டுக்கு வந்து அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இந்த வாட்டி நான் கோட்ட மிதிச்சா கொடியத் தூக்குவியளா சார்?" தூக்குவேன் என்றேன். அப்படியானால் பெயர் கொடுப்பதாகச் சொன்னான், மறுநாள் கொடுத்தான்.

1,500 மீட்டருக்கு வழிகாட்டியாக அவனைவிட வேகமாக ஓடக்கூடிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இசைந்திருக்கிறான். இருவரும் காலை ஆறரை மணிக்கு, மழை விட்ட நாட்களில், ஷூலேஸ் கயிற்றை முடிச்சிட்டுப் பிடித்துக்கொண்டு ஓடிப் பழகுகிறார்கள். கைவீச்சு நேர்தடத்தில் ஒத்துவருகிறது; வளைவில் இன்னும் தட்டுகிறது. கயிற்றை நான்கு விரற்கடை நீட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.